மை மட்டும் கேட்டவள்

தேர்தல் வேலை என்றாலே எங்கள் ஆசிரியர் அறையில் ஆளாளுக்கு ஒரு நோய் வந்துவிடும். எனக்கு மட்டும் வராது. இருபத்தாறு வருடமாகத் திண்டிவனத்தில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வாக்குரிமை, தொழிலாளர் சட்டம் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே கை காய்த்தவள். ஆகவே போன தேர்தலில் விழுப்புரம் தாண்டி, காணைப் பக்கத்து ஊரொன்றில் வேலை என்று ஆணை வந்தபோது முணுமுணுக்காமல் பஸ் ஏறினேன்.

இரண்டாம் அலுவலர் வேலை எனக்கு. பக்கத்து மேசைக்காரர் பட்டியலில் பெயரைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். நான் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பேன். காலையிலிருந்து விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முகங்களை அல்ல.

சாப்பாட்டு வேளை முடிந்து கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பின் குத்திய புடவையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. பட்டியலில் அவள் பெயர் இல்லை. பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை பக்கம் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கட்சி முகவர்களும் தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள். அவர்களிடமும் இல்லை.

பெயர் இல்லையென்றால் சிலர் சண்டைக்கு வருவார்கள், சிலர் அழுவார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. நேரே என் மேசைக்கு வந்து இடது கையை நீட்டினாள்.

"ஓட்டு வேணாங்க டீச்சர். மை மட்டும் வச்சி உடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோறு வேண்டாம், இலையைப் போடு என்கிற கதையாக இருக்கிறதே என்று சொல்லியும்விட்டேன். முகவர்களும் சிரித்தார்கள். நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாளாம். வாக்குப்பதிவு நாளில் ஓட்டுள்ள ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். நானே நடத்தும் பாடம். கடைக்காரர் அந்தச் சட்டத்தைத் தன் பாணியில் படித்திருந்தார். ஓட்டுப் போடத்தானே லீவு, போட்டதைக் காட்டு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். மறுநாள் காலை வாசலில் சூப்பர்வைசர் நின்று ஒவ்வொருவர் விரலாகப் பார்ப்பாராம். மை இல்லையென்றால் பொய் சொல்லி லீவு எடுத்தவள் என்று கணக்கு. போன தடவை மையில்லாமல் வந்த ஒரு பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவளுக்குக் கணவர் இல்லை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அந்தக் கடை வேலையை விட்டால் வேறு போக்கில்லை.

பெயர் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவத்தோடு வந்திருக்கிறார்கள். மூன்று முறை வந்தும் வீடு பூட்டியிருந்தது. இவள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். நேரில் போய்ப் படிவம் கொடுக்க ஒரு நாள் லீவு கேட்டாளாம். பொங்கல் வியாபாரம், முடியாது என்றுவிட்டார்கள். பழைய பெயர் எப்படியும் இருக்கும் என்று நம்பித்தான் இன்றைக்கு லீவு எடுத்து வந்திருக்கிறாள். கடையில் நின்றதால் ஓட்டுப் போயிற்று. ஓட்டுப் போனதால் இப்போது கடையும் போகப்போகிறது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இப்படியொரு முடிச்சு எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு முகவர், மார்க்கர் பேனாவில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள் என்றாள். யோசனை சொன்னவர் தன் காகிதங்களுக்குத் திரும்பிவிட்டார்.

மைக் குப்பி என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு குச்சி தோய்த்து இழுத்தால் முடிந்தது. ஆனால் பட்டியலில் பெயரில்லாத விரலில் மை வைக்கக் கூடாது. பதிவேட்டில் அவளுக்கு வரிசை எண் கிடையாது. நாலு முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைமை அலுவலர் தூரத்திலிருந்தே தலையை இடம் வலமாக ஆட்டினார். என்னால் முடியாதம்மா, விதி இல்லை என்றேன். கடையின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நான் வந்து அந்த ஆளிடம் பேசுகிறேன், பயப்படாதே என்று வீராப்பாகச் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற எனக்குப் பத்து நாளாயிற்று. விடைத்தாள் திருத்தம், அது இது என்று காரணங்கள். ஒரு சனிக்கிழமை, சட்டப் பிரிவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். பஸ்ஸில் அந்தத் தாளை மறுபடி படித்தேன். விடுமுறை 'வாக்குரிமை உள்ள ஊழியருக்கு' என்றுதான் இருந்தது. பெயர் நீங்கியவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. எத்தனையோ வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிதான். அதில் இப்படியொரு ஓட்டை இருப்பது தெரியாமலே நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் வாயாடித் தீர்த்துவிடலாம் என்ற திமிரோடு கடைக்குள் நுழைந்தேன்.

புடவைப் பிரிவில் அவள் இருந்தாள். வேலை போகவில்லை. அப்பாடா என்று இருந்தது. என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள். பிறகு வாங்க என்று சொல்லிவிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்து சில வருடமாகிறது. அந்தச் சட்டத்துக்காக வாங்கிய ஸ்டூல்தான் அது. பெண்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், சட்டத்தின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். சட்டென்று எழுந்துவிட்டேன்.

அவள் ஒரு காட்டன் புடவையை உதறி விரித்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. மடிப்பைப் பிடிக்க அந்த விரல் மட்டும் வரவில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். தேர்தலன்று சாயங்காலம் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பொய் சொல்லும் பிள்ளைகளை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். குரலைத் தாழ்த்தி, கொட்டியதா, நீயே விரலை விட்டாயா என்றேன்.

அவள் புடவையின் முந்தானையை எனக்குக் காட்டுவதுபோல் குனிந்தாள்.

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க டீச்சர்? நெகம் வரிக்கும் வெந்துபூட்டா மை இருந்துதா இல்லியான்னு எவன் கண்டுபுடிப்பான்?"

மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொதிக்கிற கஞ்சிக்குள் தானே விரலை விட்டு, நகம் கழலும் வரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாளாம், அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று இவள் சத்தம் போடவில்லையாம். நான் அந்த நேரத்தில் இயந்திரத்துக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சூப்பர்வைசர் மறுநாள் காலை கட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். கட்டுப் பிரியட்டும், பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கள் பக்கம் வந்தார். நெற்றியில் விபூதியோடு மரியாதையாக இருந்தார். அவள் நிமிர்ந்தாள்.

"சார், இவங்கதான் அன்னிக்கி பூத்துல எனக்கு மை வச்ச டீச்சர்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கைகூப்பி, அப்படிங்களா மேடம் என்று கேட்டார். பையில் சட்டம் எழுதிய தாள் இருந்தது. அதை எடுத்திருந்தால் அடுத்த நிமிடம் அவள் வாசலில் நின்றிருப்பாள்.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் வச்சேன். நல்லா ஞாபகம் இருக்குது."

டீச்சரே சொன்னால் அப்புறம் என்ன என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அவள் புடவையை ஒற்றைக் கையால் மடிக்கத் தொடங்கினாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

நான் சொன்னது பொய். அந்தப் பொய் பத்து நாள் முன்னால், ஒரு சொட்டு மையாக, அவளுக்கு வேண்டியிருந்தது. அன்று மறுத்தேன். இன்றைக்கும் எந்த அதிகாரி விசாரித்தாலும், எந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து கேட்டாலும், அன்று நான் செய்தது சரி என்றுதான் சொல்ல வேண்டும்.