ஆகானின் மாடு

1957 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து வெந்நீர் வைத்தேன், சவரம் செய்தேன், பள்ளிக்கூடத்தைத் திறந்து பெருக்கினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தனி வேதக்கோயில் இல்லை. வாரம் முழுவதும் நான் பாடம் நடத்தும் அறைதான் ஞாயிறு ஆராதனைக்கும். மழை விடவில்லை. வந்தவர்கள் கம்பளியை வாசலில் உதறிவிட்டு உட்கார்ந்தார்கள்.

முன் பெஞ்சில், தொழிலாளிகளை வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளை. கடைசி பெஞ்சில், முந்தின நாள் வேலைநீக்கப் பத்துச்சீட்டு வாங்கிய தொழிலாளியின் மனைவியும் இரண்டு மகள்களும். அவன் வரவில்லை. அவர்கள் குடியிருந்த லயத்து அறையின் கூரை உத்திரம் உளுத்துத் தொங்கியது. பலமுறை சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. முட்டுக் கொடுக்க அவன் ஒரு சவுக்குக் கிளையை வெட்டினான். மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. அவனை நீக்கியதோடு, கொழுந்து பறிக்கும் மனைவியையும் மகள்களையும் சேர்த்தே நீக்கினார்கள். திங்கட்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

உபதேசியார் அன்று எடுத்தது ஆகானின் கதை. எரிகோ பட்டணம் விழுந்தபோது கர்த்தர் எடுக்கக் கூடாதென்றதை எடுத்துக் கூடாரத்தில் புதைத்தவன். அவனையும் அவன் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் கல்லெறிந்து கொன்றதை விவரித்துவிட்டு, "கீழ்ப்படியாதவனோட வீடே அழியும்" என்று முடித்தார். பெரிய கணக்கப்பிள்ளை தலையாட்டினார்.

ஜெபம் முடிந்ததும் அந்தத் தொழிலாளியின் மனைவி நேரே உபதேசியாரிடம் போனாள்.

"அந்த ஆகான் களவெடுத்தான், சரிங்க. அந்த மாடு என்னங்க பண்ணுச்சு?"

யாரோ சிரித்தார்கள்.

"கர்த்தரோட தீர்ப்பும்மா. கேள்வி கேக்கப்படாது."

"எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது கர்த்தருங்களா, தொரைங்களா?"

அவர் வேதபுத்தகத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

ஆகான் கதை எனக்கும் சுலபமாக இறங்குவதில்லை. ஆனால் அதில்கூடத் தலைவன் யோசுவா அவனை மகனே என்று கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்கிறான். இந்தத் தொழிலாளியை யார் கேட்டார்கள்? தகப்பனுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று மோசேயின் சட்டமே சொல்கிறது. எசேக்கியேல் ஓர் அதிகாரம் முழுக்க அதையே வாதாடுகிறார். உபதேசியாருக்கு இது தெரியாதா? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளை வாட்டியவர்கள்மேல் விழுந்த தீர்ப்பும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை முன் பெஞ்சைப் பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு ஞாயிறுகூட வாய்க்கவில்லை.

இதை அவரிடமே சொன்னேன்.

"வாத்தியாரே, தலையிடாதீங்க. அடுத்த கல்லு ஒங்க மேலதான் விழும்."

அது வெறும் மிரட்டல் அல்ல. என் இரண்டறை வீடும் தோட்டத்துடையது. நீக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தவனும் வெளியேற வேண்டியதுதான்.

வாசலில் அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். எங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

"றொசல்லைத் தோட்டத்துல அண்ணன் இருக்காருங்க. அங்கயும் இதே சட்டந்தானுங்களே."

"என் வீட்டுல ஒரு அறையை ஒழிச்சுத் தர்றேன். வாங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க வாத்தியாரய்யா. ஒங்களையும் போகச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும்."

மறுநாள் காலை முதல் வேலையாக அவர்கள் லயத்துக்குப் போனேன். தகரப் பெட்டியின் ஒரு காதை அவள் கணவன் பிடித்தான், மறு காதை நான் பிடித்தேன். பெரிய கணக்கப்பிள்ளை ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த பெரட்டுக்களத்தின் நடுவாகவே அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தோம்.