நான் தலைகீழாச் செஞ்ச சர்க்கிட் போர்டு

மேகசின் பேப்பர் மேல சூடான அயன்பெட்டிய வச்சு அழுத்துனா ஒரு வாசம் வரும் பாருங்க... பாதி கருகல், பாதி மை. இப்பவும் யாராவது யூனிஃபார்ம் அயன் பண்றப்ப லேசா தீஞ்சாப் போதும், நான் நேரா மலேசியா கூலிம்ல நாங்க அப்ப இருந்த வாடகை வீட்டுக்குப் போயிடுவேன்.

கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல அப்ப. ஃபேக்டரியில ஆப்பரேட்டர் வேலை. நாள் பூரா சர்க்கிட் போர்டு கண்ணு முன்னால போகும். கீறல் இருக்கா, ஓட்டை சரியா இருக்கான்னு பாத்துப் பாத்து அனுப்பணும்.

எனக்கு டெக்னீசியன் ஆகணும்னு ஒரே வெறி. பார்ட் டைம்ல படிச்சு சர்டிபிகேட்கூட எடுத்துட்டேன். அந்த வேலைக்கு இன்டர்வியூ பண்ண மலாய்க்கார எஞ்சினியர் எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு, "கையால ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா?"ன்னாரு.

இல்லன்னேன்.

"வெள்ளிக்கிழமை நீங்களே செஞ்ச போர்டு ஒண்ணு கொண்டு வாங்க. வேலை செய்யணும். அப்புறம் பேசுவோம்"னுட்டாரு.

அன்னிக்குத் திங்கக்கிழமை!

என் வீட்டுக்காரர் சேகர் கம்பெனி பஸ் ஓட்டுறவரு. "ஃபேக்டரியிலயும் போர்டு, வீட்டுலயும் போர்டா லா?"ன்னு ஒரே கிண்டல். ஆனா மறுநாளே மோட்டர் பைக்க எடுத்துக்கிட்டு சுங்கை பட்டாணி போயி, செம்பு ஒட்டுன போர்டு, ரெண்டு ஐசி சிப்பு, எல்இடி, செம்பைக் கரைக்கிற மருந்து, தையல் ஊசி தடிமன்ல ரெண்டு டிரில் பிட்டு எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தது அவர்தான்.

நான் செய்ய நெனச்சது ரன்னிங் லைட். பத்து எல்இடி வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு எரிஞ்சு ஓடணும்.

சர்க்கிட் படத்த மேகசின் பேப்பர்ல லேசர் பிரிண்ட் எடுத்து, செம்பு மேல கவுத்து வச்சு, அயன்பெட்டியால ஒரே அழுத்து. தண்ணியில ஊறவச்சு பேப்பர உரிச்சா... கறுப்புக் கோடெல்லாம் செம்புல பச்சக்குனு ஒட்டிக்கிச்சு! அப்புறம் ஐஸ்கிரீம் டப்பாவுல அந்தப் பழுப்பு மருந்த ஊத்தி, பொழக்கடை வெயில்ல உக்காந்து ஆட்டிக்கிட்டே இருந்தேன். கோடு இல்லாத எடத்துல செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகுது. சினிமா பாக்குற மாதிரி கண்ணெடுக்காம பாத்தேன். வெரலெல்லாம் மஞ்சள். ஃபேக்டரியில கேட்டவங்களுக்கெல்லாம் மஞ்சள் அரைச்சேன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஓட்டை போட உக்காந்தேன். கூடப் படிச்ச பொண்ணுகிட்ட இரவல் வாங்குன குட்டி டிரில்லு. 'கொய்ங்'னு கொசு மாதிரி கத்தும். கை ஒரு மயிரிழை சாஞ்சாலும் பிட்டு ஒடஞ்சிரும். ஏழாவது ஓட்டையில முதல் பிட்டு 'டிக்'.

மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ஃபேன நிறுத்தியாச்சு. சேகர் பேசக் கூடாது, நடக்கக் கூடாது, தும்மக் கூடாது. மூச்ச அடக்கி அடக்கி மிச்ச ஓட்டை பூரா போட்டு முடிச்சேன். அப்பா... அந்த சந்தோசம் இருக்கே, எட்டூருக்குக் கேக்குற மாதிரி கத்தலாம்னு இருந்துச்சு.

ஒரு ஐசிய எடுத்து ஓட்டையில வச்சுப் பாத்தேன்.

இடது பக்கம் வரவேண்டிய காலுக்கு உள்ள கோடு வலது பக்கம் கெடக்கு. பேப்பர கவுத்து வக்கிறதால படம் தானா இடம் வலமா மாறிரும். அதனால முன்கூட்டியே மாத்தி பிரிண்ட் எடுக்கணும். வகுப்புல பத்து தடவ படிச்சது. அவசரத்துல மறந்துட்டேன். அடுத்தவங்க போர்டுல தப்புக் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்குறவ நான்!

வேற போர்டு கெடையாது. மருந்தும் தீந்துபோச்சு. விடிஞ்சா இன்டர்வியூ. அழுதுட்டேன். கோவத்துல அந்த ஐசியத் தூக்கி எறிஞ்சேன். அது போயி சிமெண்டுத் தரையில கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து விழுந்து, காலெல்லாம் மேல தூக்கிக்கிட்டுக் கெடந்துச்சு.

உத்துப் பாத்தேன்... மல்லாந்து கெடந்தா இடம் வலமா மாறுதே!

இடுக்கியால ஒவ்வொரு காலா மறுபக்கம் வளைச்சேன். ஒரு கால் ஒடஞ்சாலும் கதை முடிஞ்சுது. ரெண்டு ஐசிக்கும் சேத்து இருவத்து நாலு கால், ஒண்ணுகூட ஒடயல. ரெண்டையும் மல்லாக்கப் படுக்க வச்சே சோல்டர் பண்ணிட்டேன். பேட்டரிய மாட்டுனதும்... ஓடுச்சுங்க! இடமிருந்து வலமா ஓடவேண்டியது வலமிருந்து இடமா ஓடுச்சு. ஓடுனா சரி! சேகர் கையத் தட்டிக்கிட்டு, "நம்ம பஸ்ஸும் ரிவர்ஸ்ல போகும் லா"ன்னாரு.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் போர்ட திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இனி கெனாப்பா தெர்பாலிக்?" இது ஏன் தலைகீழா இருக்குன்னு மலாய்ல கேக்குறாரு. டிசைனே அப்படித்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லல. மறந்தது, எறிஞ்சது, வளைச்சது எல்லாத்தையும் அப்படியே கொட்டிட்டேன். அவர் பக்கத்து ரூம்ல இருந்து ரெண்டு டெக்னீசியனக் கூப்புட்டு போர்டக் காட்டுனாரு. மூணு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "திங்கக்கிழமை இவங்களோட வேலைக்கு வந்துருங்க"ன்னாரு.

இப்பெல்லாம் யாரு வீட்டுல ஓட்டை போடுறா? படத்த ஆன்லைன்ல அனுப்புனா, பச்சைக் கலர்ல கண்ணாடி மாதிரி போர்டு வாசலுக்கே வந்துருது. நானும் அப்படித்தான் வாங்குறேன். நல்லாத்தான் இருக்கு... ஆனா பிரிக்கும்போது நெஞ்சு படபடக்க மாட்டேங்குது.

இப்ப இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன். போன வாரம் பக்கத்துல கரங்கான் ஊர்லருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. அழகான பச்சை போர்டு, ஒரு குறை சொல்ல முடியாது. "செய்யுறப்ப என்னம்மா தப்பாச்சு?"ன்னு கேட்டேன். ஒண்ணும் ஆகல மேடம்னுச்சு. நான் போர்டத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அந்தப் பொண்ணு குரல எறக்கி, "முதல்ல செஞ்சது கருகிருச்சு மேடம். கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்"னுச்சு.

"நாளைக்கு அத எடுத்துட்டு வா"ன்னேன்.