ஐஸ்பெட்டி என்னுடையது

செவ்வாய்க்கிழமை காலை, ஆலங்குடி பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது நம் ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: “நம்ம ஐஸ்பெட்டி அக்கா மவுத்தாயிட்டாங்க.” இறப்புச் செய்தியை எழுதியவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத்தான் அந்தப் பெயரைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. ஜெய்னம்பு அக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஆய்வு மாணவி. உயிரணுக்கள் வெளியே அனுப்பும் மிக நுண்ணிய பொட்டலங்களை எக்ஸோசோம் என்கிறோம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களின் ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது என் வேலை. ரத்தம் எடுப்பது அக்காவின் வேலை. ஊசி குத்தியதே தெரியாமல் “எடுத்தாச்சா?” என்று ஆட்கள் கேட்பார்கள்; அப்படியொரு கை அவருக்கு. ரத்தத்தை இயந்திரத்தில் வைத்து முதலில் மெதுவாகவும் பிறகு படிப்படியாக வேகமாகவும் சுற்றினால் பொட்டலங்கள் தனியே அடியில் படியும். ஆனால் இயந்திரத்துக்கு வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் முக்கியம் என்பார் அக்கா.

“ரத்தம் கைய விட்டு வந்தாலும் கொஞ்ச நேரம் உசுரோடதாங்க இருக்கும். குலுக்காதீங்க, குளுர வைக்காதீங்க. பயந்துபோயி அதுவா எதையாச்சும் கக்கிரும்.”

உண்மைதான். குளிர் பட்டால் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் தம் சொந்தப் பொட்டலங்களை உதிர்க்கும். எது நோயால் வந்தது, எது குளிரால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். நானும் படித்திருந்தேன். இருந்தும் நம்பவில்லை.

ஆலங்குடி முகாமில் அக்கா கடைசி ஆள்வரை ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார். குழாய்களைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்குவது நான். வெயில் கொளுத்தியது, பேருந்து எப்போது வருமென்று தெரியாது. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி அடியில் கொட்டி, அக்கா பார்த்துவிடக் கூடாதென்று மேலே துண்டை விரித்தேன். அவர் டிப்ளமோ, நான் எம்.எஸ்ஸி. என்ற திமிர். முகாமுக்கு முகாம் அப்படியே செய்தேன். அந்தப் பெட்டியை மடியில் வைத்து, சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்.

ஆலங்குடி ரத்தத்தில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. ஆய்வகத்திலேயே எடுத்த, நோயில்லாதவர்களின் ரத்தத்தில் சொற்பமே. பெரிய கண்டுபிடிப்பென்று துள்ளினேன். பேராசிரியருக்குச் சந்தேகம். அடுத்த முகாம் முடிந்து அக்கா பெட்டியோடு வந்து நின்றதும் அதை வாங்கித் திறந்து, துண்டைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு ஐஸ் வச்சது?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “கோட்டைப்பட்டினத்துக் கடக்கரக்காரங்கல்ல, மீனுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து குழாய்களை எண்ணத் தொடங்கினேன்.

மாலையில் பேருந்து நிலையத்தில், “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்,” என்றார். அதன்பின் வெகுநாள் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான்.

எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. திருவரங்குளத்தில், முன்பு முகாமுக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா சத்தம் போட்டார்: “எங்க ரத்தம் என்ன கொழாத் தண்ணியா? கீழ கொட்டிட்டு இன்னொருக்கா கேட்டு வாரீங்க!”

“தப்புத்தான் ஆத்தா, மன்னிச்சுக்கங்க. இந்தத் தடவ நானே கிட்ட இருந்து பாத்துக்கிறேன்,” என்றார் அக்கா. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த இரண்டாவது ரத்தத்தில்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்காவின் பெயரை எழுதினேன். ஐஸைப் பற்றி எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது விளையாட்டாக ஓர் ஐஸ்பெட்டியே பரிசளித்தோம், நினைவிருக்கிறதா? அதற்கு வண்ணத்தாள் சுற்றியவள் நான். “மீன் வாங்க ஒதவும்,” என்று எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அன்றாவது சொல்லியிருக்கலாம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்ல முடியும். தயவுசெய்து இனி யாரும் அவரை அந்தப் பெயரால் நினைக்காதீர்கள்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது ஓர் அட்டை. முதல் முகாமன்று பெட்டி மூடியில் ஒட்டச் சொல்லித் தந்தது. பென்சிலில், பெரிய எழுத்தில்: “ஐஸ் வைக்கக் கூடாது. ஆட்டக் கூடாது. ஜெய்னம்பு.” நான் அதை ஒட்டவே இல்லை. யாரு ஐஸ் வச்சது என்று பேராசிரியர் கேட்டபோது, அது என் கைப்பைக்குள் இருந்தது.