மகளின் காருக்குப் பிரேக் டிஸ்க்

கணபதிப் பகுதியில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில்தான் அவரைப் பார்த்தேன். உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி. வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த நெற்றி. பந்தயத் தடத்தில் மகள் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பிரேக் டிஸ்க் வாங்க வந்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.

"ஏனுங்க, தேங்காயுங்களா அது?" என்றார் கடைக்காரர்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததையும் தட்டினார்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் தடத்துச் சூட்டில் விரிசல் விடும் என்றார் கடைக்காரர். கோடு வெட்டியது சூடு தாங்கும். எந்த வேகத்திலும் வண்டியை நிறுத்தும். வியாபாரி அதை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

"நல்லதத்தானுங்க போடோணும், இன்னும் என்ன யோசனைங்க?" என்றேன்.

"பிரேக் புடிக்கும்னு நம்பிக்கை வந்துபோட்டா, எம்புள்ள வளைவுக்குக் கிட்டப் போயித்தானுங்க மிதிக்கும். இப்பப் பயந்துக்கிட்டாவது முன்னாலயே மிதிக்குது."

ஆனாலும் கோடு வெட்டியதையே கட்டச் சொன்னார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். மகளின் பயத்தைப் போக்கத் தன் பயத்தைக் கூட்டிக்கொண்ட அவரைத் துணிந்தவர் என்பதா, வேறு வழியற்றவர் என்பதா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.