கரண்டை வடிகட்டிய டப்பா

பரண்மேல் ஏறி நீங்கள் ரெண்டு பேரும் இறக்கிவைத்த அந்தத் துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போடக்கூடாது என்று நான் சத்தம் போட்டேன் இல்லையா? ஒரு பக்கம் வயர் உள்ளே போகிறது, மறு பக்கம் பிளக் மாட்டும் இடம், இதற்குப் போய் ஏன்பா இவ்வளவு கோபம் என்று பாப்பா கேட்டாள். அது கரண்டை வடிகட்டும் டப்பா. உங்கள் தாத்தா செய்தது. தொண்ணூற்றியொன்றாம் வருஷம், நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தபோது. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அப்பா தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை செய்தார். வாரம் முழுக்க அந்த மெஷின் பக்கத்திலேயே நிற்பார். வீட்டிலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அப்பாக்கள் எல்லாம் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையை மூடியபோது, அங்கே கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதன்மேல் பாலை வைத்தால் பொங்கிவிடும், அவ்வளவு சூடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைப் போடுவார். வால்வுகள் மெல்லச் சிவக்கும் வரைக்கும் யாரும் பேசக்கூடாது.

பாட்டு வந்தது. பாட்டோடு சேர்ந்து கர்ர் என்று ஒரு சத்தமும் வந்தது. பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போட்டால் ஸ்பீக்கரில் டப் என்று ஓர் அடி. அதற்குப் பிறகு மிளகாய் அரைபடுவது பாட்டுக்குள்ளேயே கேட்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தார். அவர் வந்து கேட்டுவிட்டு, தப்பு ஆம்ப்ளிஃபயரில் இல்லை, கரண்டோடு சேர்ந்து வருகிற குப்பைதான் காரணம், காபிக்கு வைப்பதுபோல இதற்கும் ஒரு பில்டர் வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பழைய ரேடியோக்களுக்குள் இருக்கும் கறுப்புக் குச்சிகளை மாமா கொண்டுவந்தார். அவற்றின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றியது அப்பாதான். நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். கொஞ்சம் விலகினாலும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிரஸ்ஸில் பழகிய தடித்த விரல்கள் அந்த மெல்லிசுக் கம்பியிடம் அத்தனை பணிவாக இருந்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. மாமா கண்டன்சர்களைப் பற்றவைத்தார். பிஸ்கட் டப்பா அம்மாவுடையது. உள்ளே இருந்த கடுகையும் வெந்தயத்தையும் பேப்பரில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். அம்மா மாமாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

டப்பாவை மாட்டிப் பாட்டைப் போட்டோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் டப் இல்லை, கர்ர் இல்லை, மிளகாய் இல்லை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கர்ர் போயிடுச்சு மச்சான். உய்ங்னு ஒண்ணு கீதே, அது போவல."

மாமா ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். உனக்கு என்ன தெரியும், சின்னப் பையன் என்று அப்பா என்னை விலக்கிவிட்டார்.

அதன்பிறகு அந்த உய்ங்கை ஒழிக்காமல் விடுவதில்லை என்று இறங்கிவிட்டார். கம்பியை இன்னும் பெரிய சுருளாகச் சுற்றினார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி எர்த் கொடுத்தார். தினமும் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முருங்கைச் செடிக்குக்கூட அப்படி ஊற்றியதில்லை. உய்ங் போகவில்லை.

கடைசியில் சந்தேகம் மாவு மில்லை நடத்திய பெரியம்மாமேல் வந்து நின்றது. அவர் மோட்டாரில்தான் கோளாறு, கரண்ட் ஆபீசில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றார் அப்பா. நல்லநாளில் எங்களுக்கு முதலில் மாவு அரைத்துக் கொடுப்பவர் பெரியம்மா. அம்மா தடுத்துப் பார்த்தாள். அப்பா கேட்காமல் மில்லுக்கே சண்டைக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். தூக்கோடு ஜனங்கள் வரிசையில் நிற்கும்போதே பெரியம்மா மோட்டாரை நிறுத்தி, பீஸ் கட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இப்போ கேளு தம்பி."

அப்பா கேட்டார். முகம் மாறவில்லை.

"கேக்குதுக்கா."

"மில்ல நிறுத்திட்டேன். இன்னும் கேக்குதுன்னா என்னையும் நிறுத்திடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகத்தில் மாவு அப்பியிருந்ததால் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா எழுந்து போகவில்லை. முதலில் பாட்டை நிறுத்தினார். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அப்புறம் டப்பாவிலிருந்து அதன் பிளக்கையே பிடுங்கித் தரையில் போட்டார். வால்வுகளின் சிவப்பு அடங்கிக் கறுப்பானது. அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பிட வரச்சொல்லி அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். கரண்டியோடு வாசற்படிக்கே வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சுற்றி முன்னால் போய்த் தோளைத் தொட்டாள்.

அப்பா நிமிர்ந்து, "போயிடுச்சுமே. சுத்தமா போயிடுச்சு" என்றார். அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்.

நான் மில்லுக்கு ஓடி, எங்கப்பா ஜெயிச்சுட்டாரு என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதென்றால் எதிரில் வந்து நின்றுதான் பேசினாள். பெரியம்மாவிடம் சண்டைக்குப் போனதை மனதில் வைத்துக்கொண்டு முறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்து ஓரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் காதில் வைக்கும் அடைப்பானைக் கொடுத்து, இதைப் போடாமல் நின்றால் நாளாக ஆக உய்ங்னு ஒரு சத்தம் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், வேறு யாருக்கும் கேட்காது, மெஷினை நிறுத்தினாலும் நிற்காது என்றார். அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனை லைனில் பின்னால் இருந்தவர் தள்ளிவிட வேண்டியிருந்தது. அப்பாவுக்கு யாரும் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. இயர்போனில் சத்தத்தைக் குறை என்று நான் உங்களைப் படுத்துவதும் இதனால்தான்.

ஆனால் ஆறாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார், அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். பிளக் தரையிலேயே கிடந்தது. சந்தோஷத்தில் மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, டப்பாவில் ஆடாமல் இறுக்கி மாட்டிவைத்தேன். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுபோய் எர்த் குழியில் ஊற்றினேன்.