பால் பொங்கினால் எங்கே போகும்?

இருபத்திரண்டு தீபாவளிக்கு, ரவையில் செய்யும் என் சூஜி கேக் கீழ் வீட்டு ஓவனில்தான் வெந்தது. நாங்கள் இருப்பது பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஃபிளாட்டில், நாலாம் மாடி. இரண்டாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, துணி போட்டு மூடி, இரண்டு மாடி இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டுவேன். "அக்கா, ஓவன் காலியா?" என்று கேட்பேன். "உனக்கு எப்பத்தான் இல்லேன்னு சொல்லியிருக்கேன், வா" என்பார்.

அந்த ஓவனின் திருகில் எண்கள் தேய்ந்து போய்ப் பல வருடம் ஆகிறது. சூடு பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, மாதாவுக்குச் சொல்லும் ஜெபத்தை ஆரம்பிப்பார். ஜெபம் முழுதாக முடிந்தால் சூடு போதாது. ஆரம்பத்திலேயே கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம். சரியாகப் பாதியில் சுட்டால் கேக்கை வைக்கலாம். வேகும் ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்ப்போம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன். ஒரு தீபாவளி அன்று என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒருத்தி, என் கேக்கில் மூன்றாவது துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "பிரமாதம் லா! கீழ் வீட்டு டீச்சர் சுட்டதா?" என்றாள். ராத்திரியெல்லாம் ரவையை வெண்ணெயில் ஊறவைத்தது நான், முட்டை அடித்துத் தோள் வலித்தது எனக்கு, பேர் டீச்சருக்கு! எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு அது தலைக்கு மேலே போய்விட்டது. அடுத்த தீபாவளிக்கு என் கேக் என் ஓவனில்தான் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த மறு நிமிஷமே பயம் வந்தது. ஓவன் வாங்கினால் அக்கா என்ன நினைப்பார்? இத்தனை வருஷம் இடம் கொடுத்தவரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நடக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? எனக்கு ஓவனும் வேண்டும், அக்காவும் வேண்டும். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பெரிய கெட்டிக்காரத்தனம் செய்வதாக நினைத்து, ஓவன் பார்க்க அக்காவையே கூப்பிட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அதுக்கென்ன, போவோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் எங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். நான் கேக் தட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எனக்கு வேண்டியது மேலே நாலு அடுப்பும் கீழே ஓவனுமாக, தன் காலிலேயே நிற்கும் முழு ஓவன். கடைக்காரர் நடுவயதுச் சீனர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் எதைக் கேட்டாலும், "போலே, ஆன்ட்டி, போலே! எல்லாம் முடியும்!" என்றார்.

அக்காவுக்கோ எதுவும் சரிப்படவில்லை. முதல் ஓவன் அகலமாக, ராணி மாதிரி நின்றது. அக்கா கையால் சாண் போட்டு அளந்தார். "இத உள்ள வச்சிட்டு நீ வாசப்படியில நின்னுதான் சமைக்கணும்." அடுத்ததன் கதவைப் பிடித்து ஆட்டினார். அது கடகடவென்றது. "சூடெல்லாம் வெளிய போயிரும்." மூன்றாவதுக்குள் முழங்கை வரை கையை விட்டு என் தட்டை நுழைத்துப் பார்த்தார். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகவில்லை. "காத்து சுத்த வேணாமா? ஓரமெல்லாம் கருகிப் போகும்." அது மட்டும் நியாயம் என்று எனக்கே தெரிந்தது. மற்றதெல்லாம் வேண்டுமென்றே சொல்கிறார், நான் வாங்குவது இவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குள் புகைய ஆரம்பித்தது.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று எவர்சில்வர். மேல்தட்டு தாம்பாளம் மாதிரிக் குழிந்து, ஓரம் உயர்ந்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. இன்னொன்று கறுப்புக் கண்ணாடி. மேலே வழவழவென்று முகம் பார்க்கலாம், முன்னால் நீல எழுத்தில் மணி வேறு ஓடியது. என் கண் அதைவிட்டு அகலவில்லை.

அப்போதுதான் கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "பால் பொங்கினா எங்க போகும்?"

அவருக்குப் புரியவில்லை. "தீயைக் குறைச்சிடுங்க ஆன்ட்டி, பொங்காது" என்றார் மலாயில்.

"குறைக்க மாட்டேன். புது அடுப்புன்னா எங்களுக்கு முதல்ல பால்தான். பொங்கி வழியணும்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

புது அடுப்பில் வேண்டுமென்றே பாலை ஊற்றும் ஜனங்களை அவர் இதுவரை பார்த்ததில்லை போலும். நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. அவர் வாயைத் திறக்குமுன் அக்கா எவர்சில்வர் ஓவனைத் தட்டினார். "இத வாங்கு. குழியிலேயே பால் நின்னுடும். கண்ணாடி வேணாம் லா, சொன்னாக் கேளு."

வேண்டாம் என்ற வார்த்தைதான் வினை. அவர் பேசாமல் இருந்திருந்தால் நானே யோசித்திருப்பேன். "எனக்குக் கண்ணாடிதான் வேணும்" என்றேன். வீம்பு! காரில் வரும்போது அக்கா, "சந்தோஷம்மா" என்று மட்டும் சொன்னார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஓவன் வந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க அதை இறக்கிவைத்தார்கள், சரியாக அக்கா வீட்டு வாசலில். அக்கா கதவைத் திறந்தார். அவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், ஓவனை மேலும் கீழும் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் மேலே மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தார். ஓவனுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சட்டி நிறையப் பால் வைத்தேன். பால் நுரைத்து எழும்பியது, வழிந்தது. "பொங்கிருச்சு, பொங்கிருச்சு!" என்று கையைத் தட்டினேன். பொங்கிய பால் வழவழக் கண்ணாடியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராக முன்பக்கம் ஓடி, திருகுகளுக்குள் இறங்கி, நீல மணிக்குள் புகுந்தது. ஓவன் மூன்று தடவை கீச்சிட்டது. டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

மெயின் சுவிட்சைப் போட்டால் ஓவன் திரும்பவும் டப்பென்றது. ஓவனின் பிளக்கைப் பிடுங்கினால்தான் மற்றதெல்லாம் எரிந்தது. கடைக்குப் போன் செய்தேன். தீபாவளி லீவு முடிந்துதான் ஆள் வருவார், அதுவரை காயட்டும் என்றார்கள். ரவையோ ராத்திரியே வெண்ணெயில் ஊறத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே போவதா? எந்த முகத்தோடு? வாங்காதே என்றவரின் பேச்சை மதிக்காமல் வாங்கிவிட்டு, ஒரு நாள் முழுசாக ஆவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? கடையில் விற்கும் பிஸ்கட்டை வாங்கி வைத்துவிட்டு இந்தத் தீபாவளியைத் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ஊறிய ரவை என்ன பாவம் செய்தது? முட்டையை அடித்தேன், மாவைக் கலந்தேன், தட்டில் ஊற்றித் துணியைப் போட்டேன். ஒவ்வொரு படியிலும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே இறங்கினேன்.

கதவு திறந்தே கிடந்தது. வாசலிலேயே சூடு முகத்தில் அடித்தது. அக்கா ஓவனுக்குள் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார். பாதி ஜெபத்தில் கையை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"சரியா வந்துட்டே. வை."

"அக்கா, உங்களுக்கு எப்படி..."

"பால் எங்க போகும்னு கடையில கேட்டியே. எங்க போகும்னு எனக்கு அப்பவே தெரியும். காலையில மணி அடிச்சு சாமி கும்பிட்ட சத்தம் கேட்டுச்சு. அப்புறம் டப்புன்னுச்சு. ஓவனைப் போட்டுட்டேன்."

தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. "உங்களுக்கு நான் வாங்குறது பிடிக்கல. அதான் எல்லாத்தையும் குறை சொன்னீங்க" என்று போட்டு உடைத்தேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, பிடிக்கல. ஓவன் வந்துட்டா நீ எங்க கீழ இறங்கி வரப்போறே? ஆனா கண்ணாடிய வேணாம்னு சொன்னது நெசமாத்தான் சொன்னேன்." மறுபடி சிரித்துக்கொண்டே, "ஆண்டவர் பால்லயே வழி காட்டிட்டாரு" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசிய வம்பு ஒரு வருஷத்துக்குக் காணும்.

லீவு முடிந்து ஆள் வந்தார், திருகுகளைக் கழற்றிப் பால் ஏட்டைச் சுரண்டி எடுத்தார், ஓவன் பிழைத்துக்கொண்டது. நீல மணி மட்டும் இன்றுவரை ஓடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் என் கதவு தட்டப்பட்டது. அக்கா தட்டோடு நின்றார். இரண்டு மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியது.

"ஓவன் காலியா?" என்றார்.

"உங்க ஓவனுக்கு என்ன ஆச்சு?"

"அது... என்னமோ சரியில்ல."

அவர் சேலையில் சற்று முன் வெந்த பாதாம் பிஸ்கட்டின் வாசனை கமகமவென்று வந்தது. "உங்களுக்கு எப்பத்தான் இல்லேன்னு சொல்லப்போறேன், வாங்க" என்றேன். ஓவனைப் போட்டு, சூடு ஏறியதும் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிப்போன அந்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கை சுட்டது. மீதியை அக்கா சொல்லி முடித்தார்.