மேல் லயத்துக்கு வராத செய்தி

பொய் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் கம்பனி. அங்கே போனுக்கு ஒரு செயலி செய்தோம். பெருமழையில் டவர் செத்துப்போனாலும் பக்கத்துப் பக்கத்துப் போன்கள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். நடுவில் ஆபீசும் இல்லை, அதிகாரியும் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை தேயிலைத் தோட்டத்தில் ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒரு லயத்துக்கு வந்தால் அடுத்த லயத்துக்குத் தானாகப் போய்விடும்.

மற்றவர்கள் அதைக் கட்டினார்கள். உடைத்துப் பார்ப்பது என் வேலை. கெட்ட எண்ணத்தோடு உள்ளே நுழைகிறவன் என்னென்ன செய்வானோ அத்தனையையும் அவனுக்கு முன்னால் நான் செய்துவிட வேண்டும். ஒரு நாள், வாங்கிய செய்தியை விழுங்கிவிட்டு ஊமையாக இருக்கிற போன். இன்னொரு நாள், வாரக்கணக்கில் ஒழுங்குப் பிள்ளையாக நடந்துவிட்டுத் திடீரென்று புளுகுகிற போன். வருடக்கணக்காக இப்படியே யோசித்தால் மனுசருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் மணி கேட்டால்கூட, இந்த ஆளுக்கு எதற்கு மணி தெரிய வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அலுத்துவிட்டது. ஆனாலும் செய்தேன்.

மூன்று போன்கள் ஒரே எச்சரிக்கையைச் சொன்னால் நம்பலாம் என்பது எங்கள் விதி. நான் ஒரு மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது போன்களாக நடித்தேன். ஆபீசில் சோதனைக்கு அடுக்கியிருந்த போன்கள் எல்லாம் வராத மண்சரிவுக்கு அலறின. உண்மையான தோட்டத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? இரண்டு தடவை பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுவார்கள். மூன்றாம் தடவை புலி வருது கதைதான். ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

அதற்கு மருந்தும் நானே கண்டுபிடித்தேன். செயலியைப் போடும்போது, சிம் எந்த அடையாள அட்டையில் எடுக்கப்பட்டதோ அந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டும்; சிம் கம்பனியின் பதிவோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒரே இலக்கத்தில் நான்கு போன்களுக்கு மேல் வந்தால், அவை எல்லாம் ஒரே பொய்க்காரனின் வேலை. மற்றப் போன்கள் அவற்றோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். வாங்கவும் மாட்டா, கொடுக்கவும் மாட்டா. இந்த விதியைப் போட்டபிறகு என் பொய் ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. எங்கள் கம்பனித் தலைவர் கைதட்டினார். "தேறியது" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கினேன்.

முதலில் அதைக் கொடுத்தது ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு. நான் பிறந்த தோட்டம். அக்கா இன்னும் அங்கே மேல் லயத்தில் இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறாள். அந்த லயத்துக்கு நேர் பின்னால்தான் மலை. எங்கள் ஆட்கள் போய் வீடு வீடாகச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். "என் தங்கச்சி செஞ்சதாக்கும்" என்று அக்கா எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாளாம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கத்து டவர்கள் எல்லாம் செத்துப்போயின. அக்காவுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். அப்புத்தளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிரே இருந்த கடைகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நின்றேன்.

மலை இறங்கித்தான் இருந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் முழுக்கச் சேறு. இரண்டு வீடுகளில் சோறாக்கும் குசினியின் சுவர் உள்ளே தள்ளியிருந்தது. மண் அதோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று மண்ணுக்குத்தான் தெரியும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"போன் கத்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையே. கீழ் லயத்துல எல்லாருக்கும் கத்தியிருக்கு. அவங்க பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்கூல்ல ஒதுங்கப் போய்ட்டாங்க. நாங்க இங்கன ஒண்ணும் தெரியாம சோறாக்கிக்கிட்டிருந்தோம்."

"அவங்க உங்களக் கூப்பிடலயா?"

"முன்னன்னா ஓடியாந்து கதவத் தட்டியிருப்பாங்க. இப்பதான் எல்லார்கிட்டயும் இது இருக்கே. எங்களுக்கும் வந்திருக்கும், பின்னால வருவோம்னு நெனச்சிட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல ஏலாது."

அக்காவின் போனை வாங்கிச் செயலி எழுதிவைத்திருந்த பதிவைப் பார்த்தேன். செய்தி கீழ் லயத்திலிருந்து மேலே வந்திருக்கிறது. மேல் லயத்தின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பதினேழு போன்கள், பதினேழும் ஒரே அடையாள அட்டை இலக்கம். அது அக்காவின் இலக்கம்.

பார்த்த நிமிடமே புரிந்துவிட்டது. அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அவளுக்குப் பிறப்புப் பத்திரம் ஒழுங்காக இருந்தது. லயத்தில் பிறந்த மற்றவர்களுக்குப் பத்திரம் இல்லை, இருந்தாலும் பெயர் பிழை. பத்திரம் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் சிம் இல்லை. யாருக்குச் சிம் வேண்டுமென்றாலும் அக்காதான் ஹல்துமுல்லைக் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போடுவாள். பிறகு பலருக்கு அட்டை கிடைத்தது, சிம்மை யாரும் மாற்றவில்லை. தோட்டத்தில் இது களவும் இல்லை, பொய்யும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு நெருப்புக் கொடுப்பது போலத்தான். கம்பனி ஆட்கள் இலக்கம் கேட்டபோது, பதினேழு வீட்டிலும் மறைக்காமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இது எனக்குத் தெரியாததும் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கும்போது நான் வைத்திருந்த முதல் சிம்மும் அக்காவின் அட்டையில் எடுத்ததுதான். உலகத்தில் உள்ள பொய்க்காரன் எல்லாம் எப்படி யோசிப்பான் என்று வருடக்கணக்காக யோசித்தேன். என் லயத்துச் சனம் எப்படிச் சிம் எடுத்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

டவர் திரும்பியிருந்த ரோட்டுக்கு இறங்கிப் போய் எங்கள் தலைவருக்குப் போன் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். ஒரே இலக்கத்தில் பதினேழு போன் என்றால் அதைத் தடுப்பதுதானே இந்த விதியின் வேலை, அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, அவர்களைச் சொந்த அட்டைக்கு மாறச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். செயலி, விதி என்றெல்லாம் சுற்றி வளைத்து, அவளுடைய இலக்கத்தில் கொண்டுபோய் முடித்தேன். அந்த விதியைப் போட்டவள் நான் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. கம்பனி, கம்பனி என்றே சொன்னேன்.

அக்கா கேட்டாள்: "அப்ப என் கையெழுத்தாலதான் இந்தச் சனத்துக்குச் செய்தி வரலயா?"

"அப்படியில்லக்கா" என்றேன்.

அவள் எழுந்து தலையை முடிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். "எம்மேல கோவிச்சுக்காத. நான் அன்னைக்கி சிம் எடுத்துக் குடுத்ததாலதான் ஒன் போன் கத்தலயாம். பிள்ளைங்கள வச்சிக்கிட்டிருக்கிறவ, ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?" அடுத்த வீட்டிலும் அதே வார்த்தைகள். குசினிச் சுவர் விழுந்த வீட்டிலும் அதையே சொன்னாள். அந்த வீட்டுக்காரி சேற்றை அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னாக்கா நீங்க? நீங்க கையெழுத்துப் போடலன்னா எங்களுக்குப் போனே இல்லையே. இதுக்குப் போயி மன்னிப்புக் கேக்குறீங்களே" என்றாள்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கடைசி வீடு வரைக்கும் போனாள். ஒரு வாசலிலாவது நான் முன்னால் போய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.